உள்ளே இருப்பவரின் பெயர்

சாயங்காலம் நாலு மணி. ஏற்காடு மலையில் வெள்ளக்கடையைத் தாண்டிப் பிரிகிற எஸ்டேட் ரோடு. ஒரு பக்கம் காபிச் செடி, இன்னொரு பக்கம் பள்ளம்... நடுவில் ஒரே ஒரு ஸ்கூட்டர். முன்னால் புருஷன், பின்னால் பெண்டாட்டி. முன்னும் பின்னும் ஈ காக்கை இல்லை. கீழேயிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருக்கிறது.

கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது. நம்மோடு வேலை பார்க்கிற முருகன் இருந்தால் இதைச் சொல்லவே விடமாட்டான். நடந்தது அவனுடைய பெரியப்பா மகள் சுதாராணிக்கு. அவளைப் பார்க்கத்தான் லீவு போட்டுவிட்டுச் செம்மநத்தம் போயிருக்கிறான். ஆள் இல்லாத நேரம் என்பதால் சொல்லலாம்... மெதுவாக.

சுதாராணியின் புருஷன் பெயர் விஜயகுமார். கொஞ்சம் காபி, கொஞ்சம் மிளகு, நாலு பலா மரம். ஆள் ஒல்லி, வேலிக் கம்புக்குச் சட்டை மாட்டிய மாதிரி இருப்பான். வாய் மட்டும் ஓயாது. போனில் வீடியோ எடுத்துப் போடுவதில் அவனுக்கு ஒரு கிறுக்கு. காட்டெருமை குறுக்கே வந்தால்கூட ஓடமாட்டான், முதலில் போனைத்தான் எடுப்பான்.

அவளுக்கு அவன் என்றால் உயிர். ஆனால் கல்யாணமாகி நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட அவன் பெயரை வாயால் சொன்னதில்லை. எப்போதும் 'ஏனுங்க'தான். ரேஷன் கடையில் புருஷன் பெயர் கேட்டால் ஆதார் கார்டை நீட்டுவாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டால் பக்கத்தில் நிற்கிற பெண்ணைப் பார்த்து, "நீ சொல்லுக்கா" என்பாள். பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சின்ன வயதில் யாரோ காதில் போட்டுவிட்டார்கள். பி.காம். படித்தவள்தான். படிப்பு தலைக்குப் போனது, இது நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. அவனும் இதை வைத்தே அவளை ஓட்டுவான்.

"ஒரு தடவ சொல்லு ராணி. ஆயுசு கொறஞ்சா நான் பாத்துக்கறேன்."

அவள் கையால் அவன் வாயைப் பொத்திவிடுவாள்.

அன்றைக்கு அவர்கள் போனது பழைய விமானத் தொழிற்சாலை மியூசியத்துக்கு. சேலத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஜனம் வந்து பார்க்கிற இடம். உள்ளூர்க்காரர்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை, மழை விட்டிருந்தது, விஜயகுமாருக்கு ஒரு வீடியோ வேண்டும். அவ்வளவுதான் காரணம்.

விமானத் தொழிற்சாலை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் காலத்து எஸ்டேட் முதலாளி ஒருவர், காபிச் செடிக்கு மேலேயிருந்து மருந்து தெளிக்கக் குட்டி விமானம் செய்கிறேன் என்று கிளம்பினார். பெயர் வேண்டாம், பேரப்பிள்ளைகள் நம் லாட்ஜில்தான் ரூம் போடுகிறார்கள். மலை மேல் விமானம் செய்து எங்கே ஓட்டுவது? துண்டு துண்டாக லாரியில் ஏற்றி, கொண்டை ஊசி வளைவெல்லாம் இறக்கி, கீழே கொண்டுபோய்ப் பூட்டினார்களாம். பறந்த தூரத்தைவிட லாரியில் போன தூரம் அதிகம் என்று எஸ்டேட்டில் இன்றைக்கும் சிரிப்பார்கள். மூன்றோ நாலோ செய்தார்கள். அப்புறம் இழுத்து மூடிவிட்டார்கள். அந்தத் தகரக் கொட்டகைதான் இப்போது மியூசியம்.

டிக்கெட் கிழிப்பதும் சுற்றிக் காட்டுவதும் ஜாபெஸ் என்ற ஒரே ஆள். அன்றைக்கு வேறு கூட்டம் இல்லை. இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு போனான். மர விசிறி, பிரித்துப் போட்ட என்ஜின், பைலட்டின் தோல் குல்லாய், மந்திரிக்கு மாலை போடுகிற போட்டோ. ஒரு விமானத்தின் மூக்குப் பக்கம் மட்டும் வெட்டி வைத்திருந்தார்கள். விஜயகுமார் அதில் ஏறி உட்கார்ந்து, "சேலம் போற பயணிகள் எல்லாம் சீக்கரம் ஏறுங்க, வழியில நிக்காது" என்று வீடியோ எடுத்தான். சுதாராணி சிரித்தாள். அவள் கடைசியாக வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

கொட்டகைக் கோடியில் அது கிடந்தது. முடிக்காமல் விட்ட ஒரு விமானத்தின் வால் பகுதி. வெறும் அலுமினியக் குழாய், ஒரு வேன் நீளம் இருக்கும். இந்தப் பக்கம் வாய். ஒல்லியான ஆள் படுத்துத் தவழ்ந்து போகலாம். போகப் போகக் குறுகி, அந்தக் கோடியில் கை முஷ்டிதான் நுழையும். கிட்டே போனாலே ஒரு வாடை... ஈரத் தகரம், மண்ணெண்ணெய், அதோடு லேசாகப் பீடிப் புகை.

ஜாபெஸ் மனப்பாடமாகச் சொன்னான். "தகட்டப் பூட்டற ரிவிட்டு ஆணி அடிக்கறது ரெண்டு ஆள் வேலைங்க. வெளிய ஒருத்தர் சுத்தியல்ல அடிப்பாரு. உள்ள ஒருத்தர் படுத்துக்கிட்டு இரும்புக் கட்டைய அண்டக் குடுப்பாரு. அந்தச் சத்தத்துல பேச்சு கேக்காதுங்க. அதனால தட்டுத்தான் பாஷை. உள்ள இருக்கறவரு ஒரு தட்டுத் தட்டுனா, சரியா உக்காரல, இன்னும் அடின்னு அர்த்தம். ரெண்டு தட்டுனா, உக்காந்துருச்சு, போதும், அடுத்ததுக்குப் போன்னு அர்த்தம். ஆசப்பட்டா உள்ள போய்ப் பாக்கலாமுங்க."

விஜயகுமார் அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டான்.

"அப்பறம் ஒண்ணுங்க" என்றான் ஜாபெஸ். "வெளிய கூப்பிடறப்ப அவங்க பேரச் சொல்லித்தான் கூப்பிடோணும். இங்கத்த பழைய வழக்கமுங்க."

விஜயகுமார் சுதாராணியைப் பார்த்துக் கண்ணடித்தான். "மாட்டுனியா ராணி? இன்னைக்கு எம் பேரச் சொல்லாம ஊடு போய்ச் சேர முடியாது." போனைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, தலையை முன்னே விட்டு, புழு மாதிரி நெளிந்து உள்ளே போனான். பாதம் கடைசியாக மறைந்தது.

ஜாபெஸ் அவள் கையில் ஒரு சின்னச் சுத்தியலைக் கொடுத்தான். அவள் தகட்டில் மெல்ல அடித்தாள். உள்ளேயிருந்து, டக். இன்னும் அடி. அடித்தாள். டக். மறுபடியும் அடித்தாள். டக் டக். உள்ளே அவன் சிரிக்கிற சத்தம் குழாய்க்குள் உருண்டு வந்தது. விளையாட்டாகத்தான் இருந்தது.

அப்போது கரண்ட் போனது.

மூடுபனி ஜன்னலை அடைத்திருந்ததால் ஐந்து மணிக்கே கொட்டகைக்குள் கருக்கல் மாதிரி ஆகிவிட்டது. ஜாபெஸ் ஜெனரேட்டர் போடக் கிளம்பினான். போகிறபோதே, "பேரச் சொல்லிக் கூப்பிட்டு வரச் சொல்லிருங்கக்கா" என்று இன்னொரு தடவை சொன்னான். அவன் காலடிச் சத்தம் வெளியே போய்த் தேய்ந்தது.

சுதாராணி குழாய் வாயில் குனிந்தாள். "ஏனுங்க... போதும். வாங்க."

டக்.

விளையாடுகிறான் என்று நினைத்தாள். ஒரு அடி அடித்தாள். டக். சத்தம் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. இன்னொரு அடி. டக்... இப்போது கோடியில், கை முஷ்டிதான் நுழையும் என்ற அந்த இடத்தில். பீடி வாடை குப்பென்று வந்தது. விஜயகுமார் பீடி, சிகரெட் எதையும் தொடாதவன்.

சிரிப்புச் சத்தம் நின்று நெடுநேரம் ஆகியிருந்தது.

பெயர் தொண்டை வரைக்கும் வந்தது. அவள் சொல்லியிருக்கலாம். ஆறே எழுத்து, அவ்வளவுதானே என்று நமக்குத் தோன்றும். இருட்டில், பயத்தில், புருஷனுக்கு ஏதோ ஆகிவிட்டதோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிற நேரத்தில், அவன் ஆயுசைக் குறைக்கிற ஒன்றைச் செய்ய அவளுக்கு வாய் வரவில்லை. பாவி மகள், அவன்மேல் இருந்த ஆசையால்தான் சொல்லாமல் விட்டாள்.

"ஏனுங்க, எனக்கு நொம்ப பயமா இருக்குதுங்க. யாராச்சும் வாங்களேன்... வந்துருங்க."

துணி தகரத்தில் உரசுகிற சத்தம். சர்ர்... சர்ர்... நிதானமாக, நெடுநாள் அசையாமல் கிடந்தவர்கள் அசைகிற மாதிரி. ஒரு கை வந்து விளிம்பைப் பிடித்தது. இன்னொரு கை. தலை வந்தது. தோள் வந்தது. விஜயகுமார்தான். அதே நீலச் சட்டை. அவள் அவன் தோளில் முகத்தை வைத்து ஓவென்று அழுதாள். அவன் கொட்டகையின் கூரையை, ஜன்னலை, அவளை, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்தார்கள். ஸ்கூட்டர் கிட்டே போனதும் அவன் நின்றுவிட்டான். சாவியை நீட்டினாள், வாங்கவில்லை. பயந்திருக்கிறான் என்று நினைத்து அவளே ஓட்டினாள். அவன் பின்னால் உட்கார்ந்தான். ஒரு கை அவள் தோளில். மலைக் குளிருக்குப் பழகிய உடம்புதான் அவளுக்கு. அந்தக் கை அதைவிடச் சில்லென்று இருந்தது.

மூடுபனியில் நாலடிக்கு மேல் தெரியவில்லை. ஒரு வளைவில் வேகத்தைக் குறைத்தாள். தோளில் ஒரு விரல்... டக். அவள் குறைக்கிற போதெல்லாம் ஒரு தட்டு.

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. உள்ளே போனவன் தலையை முன்னே விட்டுப் போனான். பாதம்தான் கடைசியாக மறைந்தது. அந்தக் குழாயில் புரண்டு படுக்கக்கூட இடம் கிடையாது. வந்தால் பாதம் முன்னால் வர வேண்டும். வந்தது தலை.

வண்டியை நிறுத்தினாள். திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆயுசு போனால் போகட்டும், என் ஆயுசை எடுத்துக்கொள் என்று சேர்வராயன் சாமியை வேண்டிக்கொண்டு, பிறந்ததிலிருந்து முதல் தடவையாகச் சொன்னாள்.

"விஜயகுமார்."

பின்னால் அசைவே இல்லை.

"விஜயகுமாருங்க..."

தோளிலிருந்து கை எடுபட்டது. காதோரம் அவன் குரல். அதே குரல்தான். மரியாதையாக, மெதுவாக, நிஜமாகவே தெரியாமல் கேட்கிற மாதிரி கேட்டது.

"அது யாருங்க?"

அவள் எப்படி இறங்கினாள், எப்படி அவனை அங்கேயே விட்டுவிட்டு வண்டியைத் திருப்பினாள் என்பதெல்லாம் அவளுக்கே நினைவில்லை. இரண்டு இடத்தில் விழுந்து எழுந்திருக்கிறாள். முழங்கை சதை பிய்ந்த தழும்பு இன்னும் இருக்கிறது. மியூசியம் வாசலில் ஜாபெஸ் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தான். அவன் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"எம் ஊட்டுக்காரரு உள்ளயே இருக்காரு. தெறங்கண்ணா... சாமியா நெனச்சுக் கேக்கறேன், தெறங்க."

"ரெண்டு பேருந்தானக்கா போனீங்க? நாந்தான பாத்தேன்" என்றான் ஜாபெஸ். சொல்லும்போதே அவன் முகம் மாறியது. "பேரச் சொன்னீங்களா?"

அவள் தலையை ஆட்டினாள். இல்லை.

ஜாபெஸ் ஷட்டர் படியிலேயே உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னான். மந்திரி வந்த அன்றைக்கு, வேலைக்கு நடுவே எல்லாரும் மாலை போடவும் போட்டோவுக்கு நிற்கவும் ஓடியிருக்கிறார்கள். உள்ளே படுத்தபடி சிக்கிக்கொண்ட கூலி ஆளை யாரும் கூப்பிடவில்லை. ஒரு தட்டு, ஒரு தட்டு என்று நெடுநேரம் தட்டிக்கொண்டே இருந்ததைக் கேட்டவர்கள் உண்டு. மறுநாள் இழுத்துப் போட்டபோது உயிர் இல்லை. "அந்தாளு பேரு என்னன்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாதுக்கா. எல்லாரும் ஏய், இந்தாப்பான்னுதான் கூப்பிட்டிருக்காங்க. பேரில்லாம கூப்பிட்டா தன்னத்தான்னு நெனச்சு அந்தாளு வந்துருவாருன்னு சொல்லுவாங்க."

ஷட்டரைத் தூக்கினார்கள். குழாய்க்குள் டார்ச் அடித்தார்கள். வெளிச்சம் கோடி வரைக்கும் போய்த் தகட்டில் பட்டுத் திரும்பியது. உள்ளே யாரும் இல்லை. ஒரு நூல் இல்லை.

அவள் கூப்பிட்டாள். "விஜயகுமார்."

டக்.

ஜாபெஸும் கேட்டான். டார்ச்சைப் போட்டுவிட்டு ஓடியவன்தான், அதற்கப்புறம் கேட்டால் தகரம் குளிரில் சுருங்குகிற சத்தம் என்கிறான். அவள் ஓடவில்லை. நாலு வருஷம் அடக்கிவைத்த பெயரையெல்லாம் அந்தக் குழாய்க்குள் கொட்டினாள். அழுது கூப்பிட்டாள், கொஞ்சிக் கூப்பிட்டாள், திட்டிக்கூடக் கூப்பிட்டாள். ஒவ்வொரு தடவைக்கும் ஒரே பதில்தான். டக். இன்னும். குரல் உடைந்து காற்று மட்டும் வந்தபோதும், டக். இன்னும். தோள்வரைக்கும் கையை உள்ளே விட்டுத் துழாவினாள். விரலில் பட்டதெல்லாம் குளிர்ந்த தகரம்தான்.

கடைசியில் எஸ்டேட் ஆட்கள் வந்து அவளை இழுத்துக்கொண்டுபோய் வீட்டில் விட்டார்கள். வாசலில் மாமியார் ஆராயி நின்றுகொண்டிருந்தாள்.

"எங்க போன அம்மணி? எம் பையன் தன்னந்தனியா நடந்தே வந்திருக்கறான். உனக்கே நல்லா இருக்குதா?"

உள்ளே அவன் சோறு தின்றுகொண்டிருந்தான். நிதானமாக, ஒரு பருக்கை விடாமல், ரொம்பக் காலமாகச் சோற்றைப் பார்க்காதவன் மாதிரி.

இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. அவன் அங்கேதான் இருக்கிறான். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. விடியுமுன் எழுந்து காட்டுக்குப் போகிறான், மிளகு பறிக்கிறான், அம்மாவுக்குக் கால் பிடித்துவிடுகிறான். போனைத் தொடுவதில்லை. அந்தப் போனும் எங்கே போனது என்று தெரியவில்லை. வாயாடியாக இருந்த பையன் பொறுப்பாகிவிட்டான் என்று ஊரே மெச்சுகிறது. சுதாராணி சொன்னதை யார் நம்புவார்கள்? குறி சொல்கிற கோடாங்கியிடம் அவளைத்தான் கூட்டிப்போனார்கள். சேலத்தில் மனநல டாக்டரிடமும் அவளைத்தான் காட்டினார்கள்.

"பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கத்தை" என்று மாமியாரிடம் கெஞ்சியிருக்கிறாள். ஆராயிக்கு அது விளங்கவே இல்லை. அவள் பெற்ற நாளிலிருந்து மகனைக் 'கண்ணு' என்பாள், இல்லாவிட்டால் 'சாமி' என்பாள். அதற்கு அவன் அழகாகத் திரும்புகிறான். ஊரில் பாதிப் பேருக்கு அவன் மாப்பிள்ளை, மீதிப் பேருக்கு அண்ணன். யோசித்துப் பாருங்கள், நம் ஊரில் ஒருத்தனைப் பெயர் சொல்லிக் கூப்பிட யார் இருக்கிறார்கள்? ஏற்காடு பாங்கில் ஒரு தடவை பெயர் கூப்பிட்டார்கள். மூன்று முறை கூப்பிட்டும் அவன் அசையவில்லை. இவளும் அசையாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காது மந்தம் என்று சொல்லி மாமியார் டாக்டரிடம் காட்டினாள். காதில் ஒரு குறையும் இல்லை.

அந்த ஒன்றுதான் அவளுக்குப் பிடிமானம். அந்தப் பெயர் இன்னும் இவனுடையது ஆகவில்லை. அப்படியென்றால் பெயருக்கு உரியவன் இன்னும் அங்கே இருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போவாள். டிக்கெட் வாங்குவாள். மற்ற ஜனமெல்லாம் என்ஜினையும் தோல் குல்லாயையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இவள் நேராகக் கோடிக்குப் போய்க் குழாயில் காதை வைத்து, வாயைக் குவித்துச் சொல்லுவாள். "விஜயகுமார்... வந்துருங்க." டக். கன்னத்தைத் தகட்டில் அழுத்திக்கொண்டு ஒரு ஓரமாக அழுவாள். அந்த ஒரு தட்டுக்காகத்தான் மிச்ச நாளெல்லாம் உயிரை வைத்துக்கொண்டிருந்தாள். இன்னும் கூப்பிடு என்றுதானே அர்த்தம்... இன்னும் விட்டுவிடாதே என்றுதானே.

போன ஞாயிற்றுக்கிழமையும் போனாள். மழை. மியூசியத்தில் வேறு யாரும் இல்லை. ஜாபெஸ் அவளைப் பார்த்தால் வெளியே போய்விடுவான். குனிந்தாள், பெயரைச் சொன்னாள்.

பதில் இல்லை. இன்னொரு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொல்ல வாயெடுத்தபோது, ரொம்பத் தூரத்திலிருந்து, கை ஓய்ந்தவன் தட்டுகிற மாதிரி...

டக். டக்.

போதும். அடுத்ததுக்குப் போ.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் எவ்வளவு கூப்பிட்டும் உள்ளேயிருந்து சத்தமே இல்லை. மண்ணெண்ணெய் வாடையும் இல்லை, பீடி வாடையும் இல்லை. வெறும் தகரக் குழாய்.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஆராயி அடுப்பில் இருந்தாள். அவன் உள்ளே முதுகைக் காட்டிக்கொண்டு மிளகு புடைத்துக்கொண்டிருந்தான். சுதாராணி ஈரச் சேலையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கூரியர் பையன் ஒருத்தன் வண்டியை நிறுத்தி, வாசலில் நின்றபடியே குரல் கொடுத்தான்.

"இங்க விஜயகுமாருங்கறது யாருங்க?"

உள்ளே முறம் நின்றது.

"நாந்தானுங்க."